வரும்வரை கேப்டன்

இந்த ஊரில் ஆட்டம் முடிந்ததும் டீக் கோப்பைகளைக் கேப்டன்தான் கழுவ வேண்டும். யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் எல்லாரும் கிளம்பிய பிறகு சிங்க் முன்னால் நிற்பது அவர்தான். நியூசிலாந்தின் தென்தீவில், ஆட்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் சிறிய ஊர் இது. பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. சனிக்கிழமை கிரிக்கெட். வந்த புதிதில், கேப்டன் கிரேம் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோப்பை கழுவுவதைப் பார்த்து, தோற்றதற்குத் தண்டனையோ என்று நினைத்தேன். அன்றைக்கு நாங்கள் ஜெயித்திருந்தோம்.

இந்த வருடம் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில், முழங்கால் போய்விட்டது, இனி முடியாது என்று கிரேம் சொன்னார். பதினான்கு பேர் இருந்தோம். ஒருவர் என் பெயரைச் சொன்னார், இன்னொருவர் சரி என்றார். ஆட்சேபம் உண்டா என்று செயலாளர் அம்மாள் கேட்டதும் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"யாரைத் தேடுறே?" என்றார் கிரேம்.

"வேண்டாம்னு சொல்றவங்களை."

"ஏன் சொல்லணும்? உன்கிட்டதான் வேன் இருக்கே!"

மட்டைகளையும் ஸ்டம்புகளையும் ஏற்ற ஒரு வேன். அவ்வளவுதான் தகுதி. கிளப் கொட்டகைச் சாவியை என் கையில் வைத்துவிட்டு அவர் பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார். நான் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையில் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்து ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். நான் நினைத்துக்கொண்டிருந்தது முனியசாமியை.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் அணி ஒற்றுமை கிரிக்கெட் கிளப். தண்ணீர் வராத கண்மாய்க்குள் சீமைக்கருவேலத்தை வெட்டி, மண் நிரப்பிய தார் டிரம்மை உருட்டி நாங்களே போட்ட ஆடுகளம். அதில் எந்த வெடிப்பில் விழுந்தால் பந்து எழும்பும், எதில் விழுந்தால் தரையோடு போகும் என்று முனியசாமிக்கு மட்டும்தான் தெரியும். அவன் அப்பா எங்கள் காட்டில் கூலிக்கு உழுதவர். அவன் சொந்தமாக மினிலாரி ஓட்டுகிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அவன்தான் என்னை அண்ணே என்பான். இதோ, இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால், நான் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அணி முழுக்கக் கண்மாயில் கூடியது. அதுவரை என்னிடம் இருந்த கேப்டன் பொறுப்பை முனியசாமிக்குக் கொடுப்பதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். வழியிலேயே என் மாமன் மகன் செல்வம் பைக்கை நிறுத்தினான்.

"அவன் நல்லா ஆடுறவந்தான் மாப்ள, யாரு இல்லேங்கா? ஆனா அம்மன் கோயில் பொங்கல் டோர்னமெண்டுல ஜெயிச்சா கேப்டனைத்தான மேடைக்குக் கூப்புட்டுத் துண்டு போத்துவாக. நம்ம பெரியவுக அவனுக்குப் போத்துவாகளா? நீ பாட்டுக்கு பிளைட்டு ஏறிருவ. இங்கன அடிதடி ஆனா யாரு பாக்குறது?"

நான் தலையாட்டினேன். கண்மாய்க்குள் இறங்குவதற்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றிவிட்டது. "கேப்டன் நான்தான். நான் வர்ற வரைக்கும் முனியசாமி பாத்துக்கிருவான்" என்று அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். முனியசாமியும் தட்டினான். இரண்டு பக்கமும் மனம் கோணாமல் முடித்துவிட்டோம் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதன் பிறகு ஆள் எடுப்பதும், களத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும், டாஸ் போடுவதும், திட்டு வாங்குவதும் முனியசாமி. நோட்டீஸிலும் பிளெக்ஸிலும் கேப்டன் என்று என் பெயர், என் படம். ஜெயித்தால் மைக்கில் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பதிலாகச் செல்வம் மேடையேறித் துண்டை வாங்கிக்கொள்வான். மூன்று முறை ஜெயித்தோம். மூன்று துண்டும் ஊரில் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன.

சாவி கைக்கு வந்த மறுநாள் சாயங்காலம், ரோஷம் வந்தவனாக அணியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "இன்று முதல் நம் கேப்டன் முனியசாமி." ஊரில் அப்போது நண்பகல். இருபத்திரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. முனியசாமியிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கொடுப்பவனாகவே பிறந்து வளர்ந்தவனுக்கு அது எங்கே தோன்றும்?

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். லாரியை பாளையம்பட்டியில் ஓரங்கட்டியிருக்கிறேன் என்றான். பக்கத்தில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது.

"அண்ணே, அந்த மெசேஜை எடுத்துருங்க."

"ஏன்டா? நியாயமா உனக்கு வர வேண்டியதுதான?"

"நியாயந்தாண்ணே. நேத்து மக்காச்சோள லோடு ஏத்த வரச்சொன்னவுக, வேற வண்டி பேசிட்டோம்னுட்டாக. இன்னைக்குக் காலையில இன்னொருத்தவுகளும் அப்படித்தான் சொல்றாக. யாரும் சண்டை போடல. ஒரு வார்த்தை தப்பாப் பேசல. லோடு மட்டும் வரல."

"நான் செல்வத்துக்கிட்ட பேசுறேன்."

"பேசாதீகண்ணே, இன்னும் மோசமாப் போகும். நீங்க இனி வரமாட்டீக. நான் இங்கனதான இருக்கணும்."

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கே வீட்டுக் கடன், மகளின் பள்ளிக்கூடம், போன மாதம் வாங்கிய குடியுரிமைத் தாள். பொய் சொல்லத் துணியவில்லை. அவன் போனை வைக்காமலே காத்திருந்தான். நான் அந்த ஒற்றை வரியை அழுத்திப் பிடித்து அழித்தேன். செய்தி நீக்கப்பட்டது என்று காட்டியது.

"போயிருச்சுண்ணே" என்றான். பிறகு எனக்கே ஆறுதல் சொன்னான்: "மனசுல வச்சுக்காதீக. எப்பவும்போல நான் பாத்துக்கிருவேன்ல."

அழுகை வந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மாலை குழுவில் செல்வம் ஒரு கும்பிடு போட்டிருந்தான். கீழே வரிசையாக இருபது கும்பிடுகள். இந்த வருடப் பொங்கல் பிளெக்ஸுக்கு என் புதுப் படம் ஒன்று அனுப்பச் சொன்னான். நான் அனுப்பவில்லை. பழையதையே போட்டுக்கொள்வார்கள்.

சனிக்கிழமை கேப்டனாக என் முதல் ஆட்டம். டாஸில் ஜெயித்தேன். எதிரணிக் கேப்டன், இருபது வயது வெள்ளைக்காரப் பையன், "பேட்டிங்கா, பௌலிங்கா?" என்றான். நான் புல்லில் கிடந்த நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் நான் கேப்டனாக இருந்த காலத்திலும் அதை நான் முடிவு செய்ததே இல்லை. பின்னால் நின்று முனியசாமிதான் காதில் சொல்வான். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து அந்தப் பையன் மட்டையைச் சுழற்றுவது போலவும் பந்து போடுவது போலவும் செய்து காட்டினான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஈரப் புல்லுக்கு அப்பால் வேலி ஓரமாக மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.