கயிற்றை அறுத்த பிறகு

நாகமலை புதுக்கோட்டையில் ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு நான் இலவசமாகப் பயிற்சி அளிக்கிறேன். படையில் அனைவரும் சமம் என்று சொல்லி, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை அவர்கள் கையிலிருந்து அறுக்கச் செய்தேன். பிரச்சினை அத்துடன் தீர்ந்ததாக நம்பினேன்.

மறுநாள், காயமடைந்தவரைத் தோளில் சுமந்தோடும் பயிற்சி. ஜோடிகளை அவர்களே சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டது என் தவறு. மற்றவர்களின் மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. கயிறே கட்டியிராத தலித் மாணவன் முத்துவுடன் யாரும் சேரவில்லை.

"டேய் முத்து, சண்டையில அடிபட்டுக் கெடந்தா உன்னைய யார்றா தூக்குவா?" என்றான் ஒருவன்.

"அவன் ஆளுகள வரச் சொல்லுவோம் மாப்ள" என்றான் அடுத்தவன்.

நான் அதட்டியும் சிரிப்பு அடங்கவில்லை. ஜோடி கிடைக்காத முத்து, ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையைச் சுமந்தோடி முதலில் வந்தான்.

"சுமந்து பழகுன முதுகுல்ல" என்றது ஒரு குரல்.

அதன்பின் முத்து வரவில்லை, தேர்வும் எழுதவில்லை. முதலில் கேலி செய்த இருவரும் படைக்குத் தேர்வாகிவிட்டனர்.

இப்போது ஜோடிகளை நானே அமைக்கிறேன். மறுப்பவரை அன்றே வெளியேற்றுகிறேன். இதைச் சொல்லி முத்துவை மீண்டும் அழைத்தேன்.

"வேணாம்ண்ணே. பட்டாளத்துக்குப் போனாலும் அங்கயும் அவய்ங்கதான இருக்காய்ங்க" என்றான்.