நாற்பத்தோராம் எண்ணின் பெயர்கள்

தீபிகாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் நான் அவளைத் திட்டியதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். பெயர் வீரபாகு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் யாரிடமாவது தப்பாகக் கோபப்பட்டிருந்தால் அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளவும் எனக்குத் தெரியும். இதை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபிகா வாலாஜாபாத்துக்காரி. அப்பா கலியன் பாலாற்றங்கரையில் நெல் போடுகிறார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, எங்கள் உறுப்பினர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மூன்று மாத வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பாவு எது, ஊடை எது என்றுகூடத் தெரியாது. நீளவாக்கில் இருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்று சொல்லிக்கொடுத்தால் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். மூன்று மாதம் முடிந்தபோது அவளை அனுப்ப எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. இது ஆறாவது வருடம். இன்றும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறாள்.

அவள் வந்து இரண்டு வருடம் ஆனபோது எங்களுக்குப் பெரிய தலைவலி வாட்ஸ்அப் குழு. யாராவது புதுக் கரை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டால், அடுத்த மாதம் அது எங்கோ ஒரு விசைத்தறியில் ஓடிக்கொண்டிருக்கும். யார் வெளியே அனுப்பினார்கள் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதுதான் மிச்சம். தீபிகா, நமக்கென்று தனியாக ஒரு அரட்டைக் குழுவை நம் ஆபீசிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அந்தப் பழைய டப்பாதான் எங்கள் சர்வர். நூற்றுப் பதினெட்டு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தாள். எண் மாறாது. பெயரை மட்டும் அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. எங்கள் சங்கத்தில் குமாரசாமி மட்டுமே மூன்று பேர். அவர்களில் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத ஆள். அவர் தறியில் அப்போது யானைக் கரை ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தன் பெயரை யானை என்று மாற்றிக்கொண்டார். ஆளும் ஒல்லி. எல்லாரும் சிரித்தோம். மறுநாள் ஒருவர் மயில் ஆனார், இன்னொருவர் கோபுரம் ஆனார். ஒரு வாரத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. தறியில் என்ன ஓடுகிறதோ அதுதான் பெயர். ஒரு பாவில் மூன்று புடவை, ஒன்றரை மாத வேலை. அது முடிந்து புதுப் பாவைப் பிணைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, போனை எடுத்துப் பெயரை மாற்றுவார்கள். யார் தறியில் என்ன இருக்கிறது என்று நான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய வேலை மிச்சமாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு நாள் மயில் என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. அடுத்த பாவில் போடப்போவது கல்யாணப் புடவை, முந்திக்குக் கிளிப்பச்சை வேண்டும், சாயம் போட்டு அனுப்புங்கள் என்று. மூன்று நாள் கழித்து நான் சாயப்பட்டறையில் சொல்லி, பச்சைப் பட்டு நூலை மயிலின் வீட்டுக்கு அனுப்பினேன். மயிலாக இருந்தவர் ராஜவேலு. ராஜவேலு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், அவர் தறியில் இருப்பது அரக்கு. பச்சை கேட்டவர் நம்ம ஒல்லிக் குமாரசாமி. இடையில் அவர் பாவு முடிந்து ருத்ராட்சம் ஆகிவிட்டார், ராஜவேலு மயில் ஆகிவிட்டார். அந்த மென்பொருளோ புதுப் பெயர் வந்ததும் பழைய செய்திகளின் பக்கத்திலிருந்தும் பழைய பெயரை அழித்துவிடும். நான் மேலே தேடிப் பார்த்தபோது பச்சை கேட்ட செய்திக்குப் பக்கத்தில் மயிலே இல்லை. முந்தி நெய்யாமல் குமாரசாமியின் தறி நாலு நாள் சும்மா கிடந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள், நான் தீபிகாவைப் பிடித்து உலுக்கினேன். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட வந்தாயா என்றுகூடக் கேட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் அழவில்லை. பழைய பெயரை அது அழித்துவிடுகிறது, அழிக்க விடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பத்து நாளில் ஒன்று செய்து முடித்தாள். யார் பெயர் மாற்றினாலும் பழைய பெயர் போகாது. எந்த எண், என்ன பெயர், எந்த நாள் எத்தனை மணியிலிருந்து, எந்த நாள் வரை என்று ஒரு வரியாகத் தனிப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். மயில் என்று போட்டால், இதுவரை மயிலாக இருந்த அத்தனை பேரும் தேதியோடு வருவார்கள். ஒரு எண்ணைப் போட்டால், அந்த ஆள் வைத்திருந்த அத்தனை பெயரும் வரும். பழைய செய்திகளுக்குப் பக்கத்தில் அன்றைய பெயரே நிற்கும். அதன் பிறகு ஒரு நூல்கூட வீடு மாறிப் போகவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஆயிற்றே, இடம் போதாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்திகளையும் படங்களையும் அழித்துவிடுவோம். அந்தப் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அழித்துத் தொலையேன், போன வருடம் யார் யானையாக இருந்தால் நமக்கென்ன என்றேன்.

“பேருக்கு இடமே புடிக்காதுண்ணா. ஒரு புடவை போட்டோ அடைக்கிற இடத்துல நம்ம அத்தினி பேரோட பேரும் இருபது வருஷத்துக்கு நிக்கும்” என்றாள்.

அதோடு விட்டாளா? மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் நான் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும் என்பாள். கம்ப்யூட்டர் எரிந்துபோனாலும் பெயர்கள் இருக்குமாம். என்ன பத்திரப் பதிவா பண்ணுகிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பேன். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

இப்போது ஏலவார்குழலிக்கு வருகிறேன். உறுப்பினர் எண் நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து வயது, சொந்தத் தறி. கிராஃப் தாளில் கரையைத் தானே வரைவாள். போன வருடம் அவள் வரைந்தது மந்தாரை இலை. கோயில் இட்லிக்கு மூங்கில் குடலையில் வைப்பார்களே, நடுவில் பிளந்த மாதிரி இருக்கும் அந்த இலைதான். அதை ஜரிகையில் வரிசையாக ஓட விட்டாள். குழுவில் படம் போட்டபோது, இட்லி எப்போது வேகும் என்று குமாரசாமி கிண்டல் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கரையைப் பார்த்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அப்படி ஒரு அழகு.

டெல்லியில் நடக்கும் ஒரு கைத்தறிக் கண்காட்சிக்கு எங்கள் சங்கம் ஒரே ஒரு புடவை அனுப்பலாம். புடவையோடு வரைந்தவர் பெயரும் போகும். இந்த வருடம் மந்தாரைக் கரையை அனுப்புவது என்று பிப்ரவரியில் முடிவு செய்தோம். மறுநாளே கண்ணாயிரம் ஆபீசுக்கு வந்து நின்றார். அவர் பன்னிரண்டு தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர், எங்கள் பதினேழாம் எண் உறுப்பினர். அந்தக் கரை தன்னுடையது, குழலி திருடிவிட்டாள், அவளைச் சங்கத்திலிருந்தே நீக்க வேண்டும் என்றார். கையில் ஒரு கிராஃப் தாள் வைத்திருந்தார். அதே இலை. கீழே நவம்பர் இருபது என்று தேதி, அவருக்கு வரைந்து கொடுத்தவரின் கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தன.

குழலியிடம் எதுவும் இல்லை. அவள் தாளில் தேதி போடும் பழக்கமே கிடையாது. முதலில் நெய்த மூன்று புடவையும் எங்கெங்கோ கல்யாணங்களுக்குப் போய்விட்டன. பழைய போன் உடைந்து, அதிலிருந்த படங்களும் போய்விட்டன. குழுவில் போட்ட படத்தை நாங்கள்தான் மூன்று மாதத்தில் அழித்துவிட்டோமே. படம் போட்டது மழைக்கு முன்னா பின்னா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். இருபத்தேழு வருடம் தறியில் உட்கார்ந்த பெண்ணைத் திருடி என்று தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாளாக அவள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டோம். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கண்ணாயிரம் தன் லேப்டாப்பையும் கொண்டுவந்து, அந்தக் கிராஃபைப் பெரிதாகக் காட்டினார். மந்தாரை இலையைக் கரையில் போடலாம் என்று தனக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். குழலி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீபிகா மூலையில் சர்வர் முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்து, நான் ஒன்று தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். தேடும் கட்டத்தில் மந்தாரை என்று போட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. அதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள். எண் நாற்பத்தொன்று. ஆகஸ்ட் பதினொன்று, காலை ஏழு பன்னிரண்டு முதல். செப்டம்பர் பத்தொன்பது, மாலை நாலு மணி வரை.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. தறியில் இல்லாததைப் பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். குழலி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

கண்ணாயிரம் லேசுப்பட்ட ஆளில்லை. அந்தக் கம்ப்யூட்டர் யார் கையில் இருக்கிறது, தீபிகா கையில்தானே, நேற்று உட்கார்ந்து எந்தத் தேதியை வேண்டுமானாலும் அடித்திருப்பாள் என்றார். நியாயமான கேள்விதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. எல்லாரும் தீபிகாவைப் பார்த்தார்கள். ஆறு வருடம் எங்களுக்காக உழைத்தவளை ஒரு நொடியில் வேற்றூர்க்காரியாகப் பார்த்தோம்.

அவள் பதறவில்லை. “அவரு கேக்கறது கரெக்ட்தாண்ணா. என்னை நம்ப வேணாம். பீரோவைத் தொறங்க” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீரோவைத் திறந்து செப்டம்பர் மாத உறையை எடுத்தேன். ஒட்டின இடத்தின் மேல் என் கையெழுத்து, செப்டம்பர் முப்பது என்று என் கைத்தேதி. கண்ணாயிரத்தின் தாளுக்கு ஐம்பத்தோரு நாள் முந்தியது. கூடத்தைச் சுற்றி எல்லாரிடமும் காட்டினேன். உறையைக் கண்ணாயிரம் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். பென்டிரைவை அவருடைய லேப்டாப்பிலேயே போட்டோம். அதே வரி, அதே நாள், அதே ஏழு பன்னிரண்டு. கண்ணாயிரத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

என் கோபம் சும்மா இருக்குமா? பதினேழாம் எண்ணையும் போட்டுப் பாரம்மா என்றேன். தீபிகா தயங்கினாள். நான் விடவில்லை. முதலில் நாற்பத்தொன்றைப் போடச் சொன்னேன். மூன்று வருடத்தில் இருபத்து மூன்று பெயர்கள். அன்னம், கொடிமல்லி, இரட்டைப் பேட்டு, மாங்காய், மந்தாரை என்று அவள் படிக்கப் படிக்க, குழலி அந்தப் புடவைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பதினேழு. ஒரே வரி. கண்ணாயிரம், முதல் நாளிலிருந்து இன்று வரை. தறியில் உட்கார்ந்திருந்தால்தானே பெயர் மாறும் என்றேன்.

நான் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அந்த ஆள் எழுந்து போகும்போது தீபிகாவின் மேஜை முன்னால் நின்றார்.

“உனக்கு மட்டும் எத்தினி வரிம்மா இருக்குது? நீயும் தறியில உக்காராதவதானே” என்றார்.

தீபிகா மெதுவாக, ஆமாம், எனக்கும் ஒரு வரிதான் என்றாள். சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள். நான் எறிந்த கல் அவள் மேலும் விழுந்துவிட்டது. குழலி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழலி புதிதாக ஒரு மந்தாரைப் புடவை நெய்து கொடுத்தாள், அது அவள் பெயரோடு டெல்லிக்குப் போயிற்று. பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் காலை தீபிகா எனக்கு போன் செய்தாள். யாரோ என் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள், தேடினால் தீபிகா என்று இரண்டு வரி வருகிறது என்றாள். குரலில் எரிச்சல் இருந்தது. யார் எண் என்று கேட்டேன். நாற்பத்தொன்று என்றாள்.

இரண்டு பேரும் குழலியின் வீட்டுக்குப் போனோம். தறியில் நேற்றுப் பிணைத்த புதுப் பாவு, நல்ல நாவல்பழ நிறம். ஒரு சாண் நெய்திருந்தாள். கரையில் இலையும் இல்லை, மயிலும் இல்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக வரி வரியாக இறங்கி வந்தன. தீபிகாவின் பட்டியலே ஜரிகையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரைக்குக் குழலி தீபிகாவின் பெயரைத்தான் வைத்திருந்தாள்.

 தீபிகா கரையைத் தொடப் போய், கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பிறகு தொட்டாள். கடைசியில், “இந்தப் பாவு முடிஞ்சா பேரை மாத்திடுவீங்களேக்கா” என்றாள்.

“மாத்துவேன்” என்றாள் குழலி, ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டே. “மாத்தினா என்னா? நீதான் எதையும் அழிக்க மாட்டியே.”

அந்த மாத உறையின் மேல் நான் முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.