ஆரம்ப விலை பத்து ரூபாய்

அஸ்தினாபுரத்தில் ஜான்சி அக்கா வீட்டு ஹாலில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓவன்கள். வருகிறவர்கள் மைதா மூட்டைமேல் உட்காரலாம். அக்காவின் கணவர் மெர்வினுடைய சித்தப்பா அப்படி உட்கார்ந்துவிட்டு, வெள்ளைப் பின்புறத்தோடு ஒரு கல்யாண வரவேற்புக்கே போய்வந்தார். கட்டிலுக்கடியில் பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள். அவற்றில் திராட்சையும் செர்ரியும் மாதக்கணக்கில் ரம்மில் ஊறும். வீடு சந்திக்க வந்த போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் மூக்கு விழித்துக்கொண்டது. ஆமென் சொன்ன கையோடு மெர்வினை ஒரு மாதிரி பார்த்தார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீசியனாக இருக்கும் அந்த மனுஷன், பாவம், டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

அக்கா முன்பு எல்.கே.ஜி. டீச்சர். தொண்டை போனதும் கேக்குக்கு வந்தார். “கேக்கு ‘மிஸ், மிஸ், இவன் கிள்றான்’னு கத்தாது” என்பார். ப்ளம் கேக் என்றால் குரோம்பேட்டையிலிருந்து பள்ளிக்கரணை வரை ஜான்சி அக்கா கேக்தான். இதில் கொஞ்சம்கூட மிகை இல்லை. வேண்டுமானால் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

அப்புறம் ‘லபக்’ வந்தது. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற ஆப். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான் முதலில் இளித்துக்கொண்டு வந்தது. டெலிவரி இலவசம், போட்டோ எடுத்துத் தர ஆள் இலவசம், அக்கா அக்கா என்று ஒரே பாசம். ஊரிலிருந்த குட்டி குட்டி ஆப்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தின. சிலதை லபக்கே விழுங்கி ஏப்பம் விட்டது. கல்யாணம் முடிந்த பிறகுதான் நிஜ முகம் தெரிந்தது. கமிஷன் ஏறியது. கூடவே ஒரு புது நிபந்தனை: லபக்கில் போட்ட விலைக்குக் கீழே வேறெங்கும், உங்கள் வீட்டு வாசலில்கூட, விற்கக்கூடாது. அக்கா ‘சம்மதம்’ என்ற பட்டனை அழுத்தினார். அழுத்தாமல் என்ன செய்ய? பக்கத்தில் இன்னொரு பட்டன் இருந்தால்தானே!

வினை வந்தது சர்ச்சிலிருந்து.

அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலின் முதல் பலனை ஆண்டவருக்குப் படைத்து, ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவது வழக்கம். அடுக்குமாடி மட்டுமே விளைகிற அஸ்தினாபுரத்தில் அறுக்க என்ன இருக்கிறது? ஒருவர் பால்கனி முருங்கைக்கீரை கொண்டுவருவார், ஒருவர் பிராய்லர் கோழி. ஜான்சி அக்கா கேக். ஏலம் விடுவது லாசரஸ் அண்ணன். தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். அவருக்கு மைக் கொடுப்பது கரண்டுக்குப் பிடித்த தண்டம். எலுமிச்சம்பழமோ ஆட்டுக்குட்டியோ, எதுவானாலும் அவர் ஆரம்பிப்பது பத்து ரூபாயில்.

“ஜான்சி தங்கச்சி செஞ்ச ப்ளம் கேக்கு! ஆரம்ப விலை பத்தே ரூபா! பத்து ரூபா ஒரு தரம்! இன்னா சைலன்டா கீறீங்கோ, பிரசங்கமா நடக்குது?”

சர்ச்சின் யூடியூப் சேனலில் இது நேரலையாகப் போனது. தலைப்பும் வைத்தார்கள்: ‘ஜான்சி ப்ளம் கேக் பத்து ரூபாய்!’

அடுத்த வாரம் அக்காவின் கடை லபக்கில் காணாமல் போனது. ‘ப்ளம் கேக்’ என்று தேடினால் பரோட்டாக் கடை வந்தது, ஜூஸ் கடை வந்தது, நாய் பிஸ்கட் விற்கிற கடைகூட வந்தது. ஜான்சி வரவில்லை. டிசம்பர் வாசலில் நிற்கிறது. ஜாடிகளில் பழம் ஊறி முடிந்து உப்பிக்கொண்டு கிடக்கிறது. அந்த ஒரு மாத விற்பனையில்தான் அந்த வீட்டின் பாதி வருஷம் ஓடும்.

லபக்கில் இந்த ஏரியாவைப் பார்த்துக்கொள்கிற பையன் ஜாய்சனுக்கு அக்கா போன் போட்டார்.

“அக்கா, சிஸ்டம் பிடிச்சிருச்சுக்கா. நீங்க வெளில பத்து ரூபாய்க்கு வித்திருக்கீங்க. அதான் பெனால்டி.”

“தம்பி, அது ஏலம்ப்பா! அறுப்பின் பண்டிகை! உன் பேரு ஜாய்சன், உனக்குமா தெரியாது?”

“எனக்குத் தெரியும்க்கா. சிஸ்டத்துக்கு ஞானஸ்நானம் ஆகலையே.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டார்.

சந்தையில் பெரிய கம்பெனி தன் பலத்தைக் காட்டி மற்றவர்களை நசுக்குகிறதா என்று பார்ப்பதற்கென்றே டெல்லியில் அரசு ஆணையம் இருக்கிறது. ஓட்டல்காரர்கள் சேர்ந்து லபக்மீது அங்கே புகார் கொடுத்திருந்தார்கள், விசாரணை நடந்துகொண்டிருந்தது. அக்காவின் கதை எப்படியோ அவர்கள் காதுக்குப் போக, கைனாத் என்ற விசாரணை அதிகாரி போன் செய்தார். நம்ம ஆம்பூர்ப் பெண்.

“மேடம், இதை நீங்க சாட்சியா சொல்லுவீங்களா? வீடியோ கால்லயே சொல்லலாம். கம்பெனி வக்கீலும் கேள்வி கேட்பார்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அக்கா. யோசிப்பதற்குள் ஜாய்சனே நேரில் வந்துவிட்டான். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தைக் குறைத்துப் பேசினான்.

“அக்கா, மேலிடத்துல பேசிட்டேன். சாட்சி கீட்சின்னு போகாதீங்க. டிசம்பர் பூரா உங்க கடை முதல் இடத்துல நிக்கும். போனா... திரும்ப எப்ப வரும்னு எனக்கே தெரியாது.”

அவன் போனதும் மெர்வின் வாய் திறந்தார். அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

“ஒரு டிசம்பர்தானே ஜான்சி. வாய மூடிட்டு இருந்துடலாமா?”

அக்கா கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் ஒரு ஜாடியைத் திறந்தார். வீடு முழுக்க வாசனை. அங்கே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தக் கேக் சர்ச்சுக்குக் கொடுத்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததைப் போய்த் தள்ளுபடி வியாபாரம் என்கிறார்கள். அதற்குத் தண்டனை வேறு. தண்டித்தவன் கருணை காட்டினால் ‘தேங்க்ஸ்’ சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

“எல்லாரும் வாய மூடிட்டா கேக்கு யாரு திங்கிறது?” என்றார் கட்டிலுக்கடியிலிருந்து. “நான் பேசுறேங்க.”

விசாரணை நாளன்று அக்கா சர்ச்சுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஓவன்களுக்கு முன்னால் லேப்டாப்போடு உட்கார்ந்தார். ஒரு பக்கம் மெர்வின். சாட்சியையும் லேப்டாப்புக்கு உதவியாக ஒருவரையும் தவிர யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தும், லாசரஸ் அண்ணன் தைரியம் சொல்ல வந்து அடுக்களைக்குள் ஒளிந்திருந்தார். வெங்காய மூட்டையை வெற்றிலைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த கதைதான்.

கம்பெனி வக்கீல் கோட்டும் டையுமாகத் திரையில் வந்தார். எடுத்த எடுப்பிலேயே அந்த வீடியோவைப் போட்டார். “பத்தே ரூபா! பத்து ரூபா ஒரு தரம்!” அங்கேயே நிறுத்தினார்.

“மேடம், இது உங்க கேக்தானே?”

“ஆமா சார்.”

“பத்து ரூபாய்னு விலை சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க சார்.” அக்காவுக்கு எல்.கே.ஜி. காலத்துத் தொண்டை மறுபடி அடைத்துக்கொண்டது. “மிச்சத்தையும் போடுங்க சார்.”

“தேவையில்லை.”

“போடுங்க,” என்றார் கைனாத்.

வீடியோ ஓடியது. ஞானஜோதி டீச்சர் கை தூக்குகிறார். அவருக்கும் வில்பிரட் சாருக்கும் பார்க்கிங் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. அதனாலேயே வில்பிரட் சாரும் கை தூக்குகிறார். டீச்சர் மறுபடி. சார் மறுபடி. விலை கார்ப்பரேஷன் தண்ணி லாரி மாதிரி நிதானமே இல்லாமல் ஏறுகிறது. கடைசியில் லபக்கில் இருக்கிற விலையைப் போல ஏழெட்டு மடங்குக்கு வில்பிரட் சார் எடுத்தார். எடுத்த கையோடு, “சர்ச்சுக்கே கொடுக்கிறேன், திருப்பி ஏலம் விடுங்க” என்கிறார். அதுவும் வழக்கம்தான். மறுபடி பத்து ரூபாயிலிருந்து! இந்த முறை டீச்சர் எடுத்தார். எடுத்ததைச் சபைக்கே வெட்டிக் கொடுக்கச் சொன்னார். முதல் துண்டு வில்பிரட் சாருக்கு.

கைனாத் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

வக்கீல் டையைத் தளர்த்தினார். “ஆனா மேடம், ஏன் அவ்வளவு குறைச்சு ஆரம்பிக்கணும்?”

இப்போது அக்காவின் தொண்டை திறந்துகொண்டது.

“எல்லாரும் கை தூக்கணும்னு சார். பத்து ரூபான்னா இல்லாதவங்களும் ஒரு தடவ தூக்குவாங்க. ரெண்டு பேராவது தூக்கினாத்தான் சார் அது ஏலம். உங்க ஆப்புல கை தூக்குறது ஒரே ஆளு. விலை சொல்றதும் அதே ஆளு. மைக்கும் அவர் கையிலேயே இருக்கு. நான் எங்க சார் போவேன்?”

உடனே அடுக்களையிலிருந்து மைக் இல்லாத அந்தக் குரல்:

“அப்டி கேளு தங்கச்சி! வக்கீல் சார் ஒரு தரம்!”

கைனாத் அதிகாரிக்குரிய முகத்தோடு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். “குக்கர், மேடம்” என்றார் மெர்வின். வாழ்க்கையிலேயே அவர் சொன்ன முதல் பொய். கைனாத் நம்பவில்லை. அண்ணன் வாசலுக்குப் போய் நின்ற பிறகுதான் விசாரணை தொடர்ந்தது.

அந்த டிசம்பர் கஷ்டமாகத்தான் போனது. ஜாய்சன் சொன்னது போலவே லபக் கடையைத் திறக்கவில்லை. வெங்காய லாரி தாம்பரத்தில் நின்ற இடமெல்லாம் லாசரஸ் அண்ணன் ஆர்டர் பிடித்தார். மெர்வின் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இருந்தும் இரண்டு ஜாடிப் பழம் மிஞ்சியது. மிஞ்சிய ஜாடியைத் துடைத்து, மூடியை இறுக்கி, அக்கா கட்டிலுக்கடியில் திரும்பத் தள்ளியபோது மெர்வினும் கூடக் குனிந்து தள்ளினார். அவ்வளவுதான். அதைப் பார்த்திருந்தால் நீங்களும் கண்ணைத் துடைத்திருப்பீர்கள்.

உத்தரவு ஈஸ்டருக்குப் பிறகு வந்தது. அந்த விலை நிபந்தனை செல்லாது. அதைக் காட்டி யார் கடையையும் மறைக்கக்கூடாது. லபக் அப்பீலுக்குப் போயிருக்கிறது, போகாமல் இருக்குமா? ஆனால் கடை திறந்துவிட்டது. தேடினால் ஜான்சி வருகிறார், நாய் பிஸ்கட்டுக்கு மேலேயே.

போன வாரம் ஜாய்சன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அக்கா, எங்கம்மாவுக்குப் பர்த்டே. ஒரு கிலோ. ஆப்புல வேணாம், நேர்ல வாங்கிக்கிறேன். ஏதாவது கொறச்சு...”

“ஆப்புல என்ன போட்டிருக்கோ அதான் தம்பி. ஒரு பைசா கொறச்சா சிஸ்டம் கோச்சுக்கும்.”

“அக்கா! அதான் ஆர்டர் வந்திருச்சே!”

“வந்திருச்சுல்ல? அப்ப இனிமே விலை என் இஷ்டம்,” என்று முழு விலையையும் வாங்கிக் கல்லாவில் போட்டார் ஜான்சி அக்கா. “கொறச்சு வேணும்னா அறுப்பின் பண்டிகைக்கு வா. பத்து ரூபால ஆரம்பிப்போம். நீயும் கை தூக்கு.”