நேராக நடக்காத நண்டு

குமராட்சியில் பிறந்த அனுப்பிரியாவுக்குத் தண்ணீர்தான் பிழைப்பு. சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க அவள் கம்ப்யூட்டரில் தண்ணீர் செய்தாள். வெளிநாட்டுப் படங்களுக்கு மழை, அலை, வாளியில் தளும்புகிற தண்ணீர். படம் முடிந்து ஓடுகிற பெயர்களுக்கு நடுவே அவள் பெயரும் ஓடும். ஒருமுறை அதைப் பார்த்துவிடுவதென்று அவள் அம்மா ராஜாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துடைத்து முடிப்பதற்குள் பெயர் போய்விட்டது.

யார் ஊர் ஆற்றுக்கோ அலை செய்தது போதும் என்று ஒரு நாள் தோன்றியது. வேலையை விட்டுவிட்டுக் கடலூர் வந்தாள். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு மேடு தேடிப் போகிற ஒரு வயல் நண்டின் கதையை, முழுநீளக் குடும்பப் படமாக, கம்ப்யூட்டரிலேயே எடுக்கப்போவதாகச் சொன்னாள். இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் அப்படியொன்றை எடுத்ததில்லை. கேட்டவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கார்ட்டூனா, எந்தச் சேனலில் போடுவார்கள்? இது கார்ட்டூன் இல்லை, படம் என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்தது. கடைசியில் ஆமாம், கார்ட்டூன்தான் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அறை பிடித்தாள். நண்டுக்கு உருவமும் நிறமும் கொடுப்பது சத்யப்பிரியாவின் வேலை. அதை நடக்க வைப்பது சேரனின் வேலை. தண்ணீர் அனுப்பிரியாவுடையது. பணம் போட முன்வந்தவர் பண்ருட்டி முந்திரி வியாபாரி உத்திராபதி. நல்ல மனுஷர்தான். சொன்ன தேதியில் பணம் வந்துவிடும். கூடவே அவரும் வந்துவிடுவார், அதுதான் தொல்லை. வரும்போதெல்லாம் ஒரு பழுத்த பலாப்பழம் கொண்டுவருவார். ஏ.சி. போட்டு அடைத்த அறையில் அந்த வாசனை வாரக்கணக்கில் நிற்கும். நாற்காலியை இழுத்து அனுப்பிரியாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து யோசனை சொல்ல ஆரம்பிப்பார். நண்டு சிரிக்க வேண்டும். சிரிப்பதற்குப் பல் வேண்டும். தின்ன வரும் கொக்கை அது ஓர் அடியாவது அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது நேராக நடக்க வேண்டும்.

"ஏம்மா, படத்துக்கே ஹீரோயின் அதுதான். கேமராவப் பாத்து நேரா வர வேணாமா? சைடுலயே போவுது."

"நண்டு அப்படித்தாங்கய்யா நடக்கும்."

"அது நண்டுக்குத் தெரியும். டிக்கெட் வாங்குறவனுக்கு?"

இதே பேச்சு மாதம் ஒருமுறையாவது நடந்தது. அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தாள். வேண்டாம் என்பதற்காக அவள் ஆட்டிய தலையை, சரி என்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வருஷம் படம் முடிகிற கட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கச் சிதம்பரத்தில் மினி பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணின் செல்போனில் ஏதோ பாட்டு ஓடியது. எட்டிப் பார்த்தால் அவளுடைய நண்டு. அவளுக்குத் தெரியாமல் டிரெய்லர் வெளியே வந்திருந்தது. உத்திராபதி பெயர் திரை நிறைய வந்தது. அதற்குப் பின்னால் நண்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு நேராக, நாய்க்குட்டி மாதிரி ஓடி வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தார். நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று தானாகவே சொல்லிக்கொண்டார். பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அனுப்பிரியாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்குத் திரும்பினாள்.

சேரன் அறையில்தான் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். நேராக நடக்க வை, அனுப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன், அவள் சரி என்று தலையாட்டினாள் என்று உத்திராபதி சொன்னாராம்.

"நீ நம்புனியா?"

"பாதி நம்புனேன்க்கா."

"மீதிப் பாதி?"

அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பண்ருட்டிக்குப் போனாள்.

உத்திராபதியின் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. டிரெய்லரை நீக்காவிட்டால் படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடலாம், மிச்சமிருக்கிற வெள்ளத்தை வேறு யாராவது செய்துகொள்ளட்டும் என்றாள். அவர் சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போயிருந்தாள். அவர் வரவில்லை. ஒரு கொட்டையை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மூணு வருஷமா ஒம் பின்னாடி உக்காந்திருக்கேன்மா. நான் சொன்னது ஒண்ணாவது அதுல இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. கடைசியில், நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும், வேண்டுமானால் பல் வைத்துத் தருகிறேன் என்றாள். சொன்ன நொடியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிரெய்லரை அன்றைக்கே நீக்கச் சொன்னார்.

பல் வைக்கிற வேலை சத்யப்பிரியாவின் தலையில் விழுந்தது. இரண்டே இரண்டு பல், அதுவும் சின்னதாக. அவள் ஒரு வாரம் அனுப்பிரியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடலூர் தியேட்டரில் முதல் காட்சிக்கு ராஜாமணி வந்திருந்தாள். வாழ்நாள் முழுக்க வயலில் நடவு நட்டவள். கொள்ளிடம் ஊருக்குள் வந்தபோது பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவள். திரையில் கரை உடைந்து மண் நிறத்தில் வெள்ளம் வரப்பு மேல் ஏறி வந்தபோது, அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அனுப்பிரியா அதன் பிறகு திரையைப் பார்க்கவேயில்லை.

வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டாள்.

"தண்ணி அப்படியே நம்மூரு தண்ணி. நண்டுக்கு எதுக்குடி பல்லு?"

நாலடி தள்ளி நின்ற உத்திராபதி, பல் தன்னுடைய ஐடியா என்று தியேட்டர்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

படம் பெரிதாக ஓடவில்லை, விழவும் இல்லை. பிறகு வடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பல்லும் பிடித்திருந்தது, பக்கவாட்டு நடையும் பிடித்திருந்தது. சேரன் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனான். சத்யப்பிரியா அனுப்பிரியாவோடு இருந்துவிட்டாள்.

உத்திராபதி இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று போன் செய்தபடியே இருந்தார். அனுப்பிரியா போனை எடுப்பதில்லை. ஒருநாள் சமைத்துக்கொண்டே தெரியாமல் எடுத்துவிட்டாள். அன்றைக்கு அவர் படத்தைப் பற்றிப் பேசவில்லை. 'தானே' புயல் வந்தபோது தோப்பில் முந்திரி மரங்களும் பலா மரங்களும் எப்படிச் சாய்ந்தன, விழுவதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது, காற்று எந்தத் திசையில் சுழன்றது என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அது வரைக்கும் அவள் காற்று செய்ததில்லை. முதலில் இலை அசைந்ததா, மரமா என்று கேட்டாள். மரம் வேரோடு மூச்சு விடுகிற மாதிரி எழும்பி அடங்கியது என்றார். எத்தனை முறை எழும்பியது, மண் விரிந்ததா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் வேலை இருக்கிறது, போனை வைக்கிறேன் என்று சொன்னது அவர்தான்.