தெப்பம் கட்டிய வாசகி

சிறுவர் மாத இதழ் ஒன்றில் படக்கதை வரைகிறேன். வாசகர் கடிதங்களை ஆசிரியர் மொத்தமாகக் கட்டிப் பட்டுக்கோட்டைக்கு, என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் கைப்படப் பதில் எழுதி, ஓரத்தில் சின்னதாகப் படம் ஒன்றும் போட்டு அனுப்புவேன்.

அந்த முறை வந்ததில் பாபநாசம் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் கடிதம் இருந்தது. என் கதைநாயகி வாழைமரத் தெப்பத்தில் வெள்ளத்தைக் கடந்தது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ‘எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்ததும் நானும் கட்டிப் போகப் போறேன். கொல்லையில் தார் வெட்டின வாழை நிறைய இருக்கு’ என்று முடித்திருந்தாள்.

உடனே பதில் எழுதினேன். அப்படியெல்லாம் செய்துவிடாதே என்று கெஞ்சி, நாயகி கரையிலேயே உட்கார்ந்திருப்பதாகப் படமும் போட்டேன். தபால் பெட்டியில் சேர்த்துவிட்டு டீக்கடைக்குப் போனால், பேப்பரில் கல்லணை திறந்த செய்தி. கடிதத்துக்கு முன்னால் தண்ணீர் போய்விடும் என்று தோன்றியதிலிருந்து பேனா ஓடவில்லை.

“போன் நம்பர் எழுதலையா அந்தப் பொண்ணு?” என்றாள் மனைவி.

“விலாசம் மட்டும்தான்.”

“அப்ப நேர்ல போயிட்டு வந்துருங்க. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தா ஆச்சா?”

தஞ்சாவூரில் பஸ் மாறினேன். வழியில் வாய்க்கால்கள் காய்ந்தே கிடந்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. அவள் ஊர்க் குடமுருட்டி ஆற்றுப் பாலத்தில் அது போயிற்று. சருகும் நுரையுமாகக் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சிறுமியின் அம்மா வாசலுக்கு வந்தார்.

“அதுவா? கயித்த எடுத்துக்கிட்டு காலையிலேயே ஆத்துக்குப் போச்சுங்களே. தண்ணி வந்திருக்குல்ல.”

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே நானும் ஓடினேன். வழியில் என் மனம் போட்ட படங்களை எந்த இதழிலும் வரைய முடியாது.

படித்துறையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். கையில் கயிறு. தெப்பத்தைக் காணோம். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார்.

“நான் ஏறலம்மா. மொதல்ல தெப்பத்த மட்டும் விட்டுப் பாத்தேன். நடு ஆத்துல பிரிஞ்சு போச்சு.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “வரையறதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டீங்களா சார்?”

நான் யார் என்று தெரிந்ததும் சிறுமி அழுகையை நிறுத்தினாள்.

“நீங்க எப்படிக் கட்டுனீங்க? உங்களுது மட்டும் பிரியலையே!”

“நான் கட்டுனதே இல்லம்மா. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அடுத்த இதழில் நாயகி மதகின் மேலிருந்து ஆற்றில் குதிக்கிறாள். அனுப்பியும் ஆகிவிட்டது. பஸ்ஸிலிருந்தே ஆசிரியரைப் போனில் கூப்பிட்டேன்.

“அச்சுக்குப் போற நேரத்துல என்ன சார் இது?”

“அந்தப் பக்கத்த மட்டும் நிறுத்துங்க. மாத்தி அனுப்பறேன்.”

புலம்பிக்கொண்டே சம்மதித்தார். வீட்டுக்கு வந்து நாயகியை மதகிலிருந்து இறக்கினேன். குதிக்காமல் அக்கரைக்கு எப்படிப் போவாள் என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் பாலம் வரை நடக்க வைத்தேன்.