முன்னால் வைத்த கணினி

நேற்று அலுவலகத்தில் புது நெட்வொர்க் கேபிள் கட்டைப் பிரித்தேன். அந்த பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் கோபம் வந்துவிட்டது. கேபிள் மீது என்ன கோபம் என்று கேட்காதீர்கள். கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் என் மேசையடியிலும் இதே வாடைதான், இரும்புத் தூசியோடு கலந்து.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் அங்கே கணினி வேலைக்குப் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் நடையிலேயே தெரியும் என்பார்கள். தெரியட்டுமே.

கம்பியைச் சோதிக்கும் ஆய்வகத்தின் முடிவுகள் ஒரு பழைய சர்வரில் இருந்தன. நாலு பேர் சேர்ந்து திறந்தால் படுத்துவிடும். அதற்கு முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸியாக இன்னொரு கணினியை வைத்தேன். எல்லோரும் அதனிடம் கேட்பார்கள். அது உள்ளே போய் வாங்கிவந்து கொடுக்கும். ஓடத் தொடங்கிய அன்று டீ கொண்டுவந்தவருக்குக்கூடக் காட்டினேன். அந்தப் பெருமையில் ஒரு வரியை எழுத மறந்தேன்: கேட்பது யார் என்று பழைய சர்வருக்குச் சொல்லும் வரி. அதனால், வந்துபோனவர்களைக் குறித்துவைக்கும் அதன் பதிவில் யார் வந்தாலும் நான் முன்னால் வைத்த கணினியின் முகவரிதான்.

வளைத்தபோது விரிசல் விட்ட கம்பி, ஒரு நாள் திரையில் ‘பாஸ்’ ஆகியிருந்தது. சோதித்த ரஹ்மத் அண்ணன் சத்தம் போட்டார். மேனேஜர் பழைய சர்வரின் பதிவோடு வந்தார்.

“உன் மெஷின் அட்ரஸ்தாம்மா இருக்குது. மாத்திட்டு கம்முனு உக்காந்துகினு இருக்கியா? படிக்காத ஊட்லேர்ந்து வந்தா இப்டித்தான்.”

பழவேற்காட்டு ரஹ்மத் அண்ணனுக்குக் கிண்டல் இல்லாமல் பேச வராது. அன்று தணிந்த குரலில், “இன்னா பாப்பா, நீயா?” என்றார். மேனேஜர் சொன்னதைவிட அதுதான் சுட்டது.

முன்னால் வைத்த கணினிக்குத் தனிப் பதிவு உண்டு. திறந்தேன். ‘பாஸ்’ ஆன நிமிடத்துக்கு நேராக மேனேஜர் அறைக் கணினியின் முகவரி.

“சார், இது உங்க ரூமு.”

“என் ரூமுக்கு நாலு பேரு வருவான், போவான்.”

“அந்த நாலு பேர்ல என்னை ஒருநாளும் கூப்ட்டதில்லியே சார்.”

ரஹ்மத் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். கம்பி லாரி ஏறவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால் முன்னால் வைத்த அந்தக் கணினியைப் பதிவோடு சேர்த்துத் துடைத்துப் புதிதாக்கியிருந்தார்கள். வைரஸாம். நான்தான் பெரிய படிப்பாளியாயிற்றே, பிரதி எடுத்து வைக்கவில்லை. அடுத்த மாதமே கேன்டீனில் புதிதாகச் சேர்ந்தவர்கள், “ரிப்போர்ட்ட மாத்தின பொண்ணு அதுதான்” என்று என்னைக் கைகாட்டினார்கள்.

ஆலையை மூடிக் கொட்டகையையும் பிரித்துவிட்டார்களாம். ரஹ்மத் அண்ணன் எங்கிருக்கிறாரோ தெரியாது. ஆலை போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை. துடைத்தெறிந்த அந்தப் பதிவை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. நான் மாற்றவில்லை என்று எழுதியிருந்த ஒரே இடம் அது.