தப்புக்கு ஐம்பது ரூபாய்

காலையில் நான் கன்னடத்தில் பால் கேட்பேன். கடைக்காரர் தமிழில் "ஒண்ணா ரெண்டா?" என்பார். நான் விடாமல் "எரடு" என்பேன். "ரெண்டா, சரி" என்பார். பெங்களூரின் ஜீவனஹள்ளிக்கு வந்து எட்டு மாதமாக இப்படித்தான் எனக்குப் பொழுது விடிகிறது. பாஷை தெரியாமல் என்ன பாடுபடுகிறானோ என்று ஊரில் கவலைப்படுகிறார்கள். என் கவலை வேறு. இங்கே எல்லாரும் என்னிடம் தமிழில் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் விருந்தாளியிடம் பேசுவதைப் போல.

அதனால் வீட்டுக்கார பிலோமினா அக்கா தெருச் சங்கத்தின் வினாடி வினாவுக்குக் கூப்பிட்டதும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சங்கக் கூடத்துக்கு ஏழு படி ஏறவேண்டும். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த அந்தோணி அண்ணன், அந்தப் படிகளால் இரண்டு வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் உள்ளே வரமுடியாமல் சக்கர நாற்காலியோடு வாசலிலேயே இருக்கிறார். அவருக்காகச் சாய்தளம் கட்டப் பணம் சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அக்கா மைக்கில் விதியைச் சொன்னார். "கரெக்டா சொன்னா ஒரு வாழப்பழம். தப்பா சொன்னா டப்பால அம்பது ரூபா."

எனக்குக் கை பரபரத்தது. கோவில்பட்டி நூலகத்தில் மூன்று வருடம் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தவன் நான். ஃபேனுக்கு நேர்கீழே இடம் பிடிக்க, கதவு திறக்குமுன்பே போய் நிற்போம். அணைகளையும் ஆறுகளையும் ஒப்பித்துக்கொண்டே டீக்கடைக்கு நடப்போம். மூன்று முறையும் ஒன்றிரண்டு கேள்விகளில் வேலை கைநழுவிப் போனது. தப்பு என்று யாராவது சொன்னாலே இன்றைக்கும் எனக்கு அந்த மூன்று ரிசல்ட்டும் கண்முன் வந்து நிற்கும்.

ஆகவே வெளுத்து வாங்கினேன். ஆறு கேள்வி, ஆறு பழம். ஏனோ ஒருவரும் கை தட்டவில்லை. எதிர் அணியில் டெய்லர் ஒருவர் கர்நாடகத்தின் தலைநகர் தும்கூர் என்றார். அதற்குக் கூடமே ஆரவாரம் செய்தது. அவர் மாப்பிள்ளை மாதிரி நடந்துபோய் டப்பாவில் ஐம்பதைப் போட்டார். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி இதுகூடத் தெரியவில்லையே என்று நான் பரிதாபப்பட்டேன். ஏழாவது பழத்துக்குக் கை நீட்டியபோது வாசலிலிருந்து அந்தோணி அண்ணனின் குரல் வந்தது.

"இன்னா தம்பி, எல்லாத்தையும் கரெக்டாவே சொல்லிக்கினு இருந்தா நான் எப்ப உள்ள வர்றது?"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எல்லாரும் விடை தெரிந்தேதான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் அங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கேள்விக்கு மட்டும், தப்பாகச் சொன்னால் ஐந்நூறு. அக்கா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கடலமிட்டாய்க்குப் பேர்போன ஊர் எது? தம்பி, இது உங்களுக்கு. ஸ்வல்ப யோசிச்சு சொல்லுங்க."

என் ஊர் எதுவென்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளித்தான் பாகு காய்ச்சுவார்கள். அந்த வாசனையில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருக்கிறேன். நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. வாசலைப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சாத்தூர்" என்றேன்.

"தப்பு தம்பி" என்றார் அக்கா. அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

கூடம் அதிர்ந்தது. டெய்லர் எழுந்துவந்து என் தோளில் கைபோட்டு டப்பாவரை கூட்டிக்கொண்டு போனார். ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஜீவனஹள்ளி எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு நடுவே, யாருக்கும் கேட்காமல், வாய்க்குள் ஒரு தரம் "கோவில்பட்டி" என்று சொல்லிக்கொண்டேன்.